‘அவுங்க’ என்றால் யார்?

காலை ஆறு இருபது. கேட்டுக் கம்பிகளுக்கு நடுவே முதலில் தெரிந்தது ஒரு பலாப்பழம். அதற்குப் பின்னால்தான் ஆள் தெரிந்தார்.

மாமா. என் அக்கா விருத்தாம்பாளின் கணவர் கலியபெருமாள். காட்டுமன்னார்கோயிலில் ஒரு ரைஸ் மில்லில் மிஷின் ஓட்டி ஓய்வு பெற்றவர். மில் சத்தத்தில் காது மந்தமாகிவிட்டது. அதனால் எப்போதும் உரக்கப் பேசுவார். மஞ்சக்குப்பத்தில் எங்கள் தெருமுனையில் அவர் ஆட்டோக்காரரிடம் பேசினால் எனக்கு வீட்டுக்குள் கேட்கும். அன்று அவர் கேட்டைத் தட்டவும் இல்லை, கூப்பிடவும் இல்லை. எவ்வளவு நேரமாக நின்றுகொண்டிருந்தார் என்று தெரியாது.

“அக்காவுக்கு ஒண்ணும் இல்லியே மாமா?”

“அவ நல்லாத்தான் இருக்கா. மொதல்ல இத புடி மச்சான், கை வலிக்குது.”

பழத்தை பஸ் ஸ்டாண்டு வாசலில் வாங்கியிருக்கிறார். காடாம்புலியூர்ப் பழம். முள் இன்னும் கூராக இருந்தது. நியாயம் கேட்க வந்தவர்தான். ஆனால் மச்சான் வீட்டுக்கு வெறுங்கையோடு வரும் பழக்கம் அவருக்குக் கிடையாது.

உட்கார்ந்ததும் பையிலிருந்து, என்னுடைய இந்தத் தொடர் வரும் வார இதழை எடுத்தார். நான்காக மடித்திருந்தது. புதிய இதழ் இல்லை, மூன்று வாரத்துக்கு முந்தையது. மடிப்பைப் பிரிக்காமல் டீப்பாயின் மேல் வைத்தார்.

“செல்வி எங்கிட்ட பேசறதில்ல” என்றார்.

தமிழ்ச்செல்வி அவருடைய ஒரே மகள். சிதம்பரத்தில் பள்ளி ஆசிரியை.

“எப்பலேருந்து?”

“இந்த புக்கு வந்ததுலேருந்து.”

மூன்று வாரத்துக்கு முந்தைய அத்தியாயம்

புதிதாக வாசிப்பவர்களுக்காக: அந்த அத்தியாயத்தில் அக்காவைப் பற்றி எழுதியிருந்தேன். அவள் ஆசிரியர் பயிற்சி முடித்தவள். கல்யாணமான புதிதில் கம்மாபுரம் பக்கத்தில் ஒரு கிராமத்துத் தொடக்கப்பள்ளியில் சேரச் சொல்லி அவளுக்கு ஆர்டர் வந்தது. அவள் சேரவில்லை. கணவர் வேண்டாமென்று சொன்னதால் சேரவில்லை என்று எழுதியிருந்தேன்.

மாமாவின் பெயரைப் போடவில்லை. போடத் தேவையும் இல்லை. எனக்கு இருப்பது ஒரே அக்கா.

“டீக்கடையில ஒருத்தன் சத்தமா படிச்சிக் காட்டுனான். ‘என்னா பெருமாளு, வாத்திச்சி சம்பளத்த வேணாம்னுட்டியாமே’ன்னு ஒரே சிரிப்பு. அத வுடு. அவனுவோ நாளைக்கி வேற கத பேசுவானுவோ. ஆனா இவ போன்ல ‘அம்மாகிட்ட குடுங்க’ங்கறா. வேற ஒரு வார்த்த இல்ல.”

“அக்கா எதுவும் சொல்லலியா செல்விகிட்ட?”

“சொன்னா. ‘ஒங்கப்பா அப்பிடி சொல்லலடி’ன்னு சொன்னா. இவ நம்புல. ‘நீ அப்பாவ காப்பாத்தற. மாமா வெசாரிக்காம எதையும் எழுதமாட்டாரு’ங்கறா.”

காபி கொண்டுவந்த என் மனைவி அப்படியே நின்றுவிட்டாள். “ஊரு ஒலகத்துக்கெல்லாம் போன் போட்டு ‘இது சரியா, அது சரியா’ன்னு கேக்கறீங்க. ஒங்க அக்காவுக்கு ஒரு போன் போடல?” என்றாள்.

போடவில்லை.

“உங்க அக்கா என் பேர சொன்னாளா மச்சான்?” மாமா கேட்டார்.

“பேர சொல்லல. ‘அவுங்க வேணாம்னுட்டாங்க’ன்னு சொல்லிச்சி.”

காது கேட்காமல் திரும்பச் சொல்லச் சொன்னார். திரும்பச் சொன்னேன். வாய்க்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டார்.

“அவுங்கன்னா அப்ப யாரு மாமா?”

“அத அவளையே கேளு. செல்வி வூட்லதான் இருக்கா. கெளம்பு. நீ வந்து உன் வாயால சொன்னாத்தான் எம்பொண்ணு நம்புவா.”

ஒரு கதவும் என் விதிகளும்

நான் ஏன் இப்படி எழுத ஆரம்பித்தேன் என்பதை இங்கே சொல்லிவிடுகிறேன்.

நிருபராக இருந்தபோது ஒரு புயலுக்குப் பிறகு கடலூர்க் கரையில் ஒரு மீனவர் குப்பத்துக்குப் போயிருந்தேன். ஒரு மனிதர் இடிந்த வீட்டிலிருந்து கதவை மட்டும் கழற்றி முதுகில் சுமந்துகொண்டு போனார். பச்சைக் கதவு. தாழ்ப்பாள் அவர் நடைக்கு ஏற்பத் தட்டிக்கொண்டே இருந்தது. அதை எழுதி அனுப்பினேன். மறுநாள் பேப்பரில் சேத மதிப்பு வந்தது, அமைச்சர் வந்தார், கதவு வரவில்லை.

செய்தியில் இடம் பெறாத கதவுகளுக்கு வேறு இடம் வேண்டும் என்று அன்று தோன்றியது. நடந்ததை நடந்தபடியே, ஆனால் ஒரு நல்ல சிறுகதையைப் படிப்பது போல எழுத வேண்டும். அதற்கு எனக்கு நானே விதிகள் வைத்துக்கொண்டேன். இல்லாத ஆளைக் கொண்டுவரக் கூடாது. பேசாத வார்த்தையைப் பேச வைக்கக் கூடாது. பார்க்காத மழையைப் பெய்ய வைக்கக் கூடாது.

எதையும் சேர்க்கக் கூடாது என்பதில் அவ்வளவு கண்டிப்பாக இருந்தேன். விடுவதைப் பற்றி ஒரு விதியும் வைத்துக்கொள்ளவில்லை.

“உண்மைக் கதை, ஆனால் கதை மாதிரியே இருக்கிறது” என்று வாசகர்கள் எழுதுவார்கள். அந்த வரியை நான் ரொம்ப நாள் பாராட்டாகவே எடுத்துக்கொண்டிருந்தேன்.

செய்தியில் ‘அவுங்க’ கிடையாது

பிறகு அலுவலகத்தில் உட்கார்ந்து செய்தி திருத்தும் டெஸ்க் வேலைக்கு வந்தேன். அப்போதெல்லாம் ஊர் நிருபர்கள் போனில் செய்தி சொல்வார்கள், நாங்கள் எழுதிக்கொள்வோம். கம்மாபுரத்திலிருந்து சேகர் என்று ஒருவர் பேசுவார். ஒரு மழைக்காலச் சாயங்காலம்:

“சார், அவுங்க வந்து ரோட்ட மறிச்சிட்டாங்க சார்.”

“அவுங்கன்னா யாருய்யா?”

“அவுங்கதான் சார். தண்ணி வரலன்னு.”

“ஆம்பளையா, பொம்பளையா? ஒருத்தரா, ஊரா?”

“ஒரே ஒரு அம்மாதான் சார். ஆனா மூணு பஸ்ஸு நிக்கிது.”

டெஸ்க் முழுக்கச் சிரித்தது. நான் சிரிப்பை அடக்கிக்கொண்டு பாடம் எடுத்தேன். பேச்சில் ‘அவுங்க’ என்பது ஆணாக இருக்கலாம், பெண்ணாக இருக்கலாம், பத்துப் பேராக இருக்கலாம், மரியாதைக்குரிய ஒருவராக இருக்கலாம். எழுத்துக்கு வரும்போது யாரென்று தெரிந்தாக வேண்டும். தெரியாவிட்டால் கேள். கேட்க முடியாவிட்டால் எழுதாதே.

அதற்குப் பிறகு டெஸ்க்குக்கு வந்த எல்லாப் புதியவர்களுக்கும் சேகர் கதையைச் சொல்லியிருக்கிறேன். எல்லாரும் சிரித்திருக்கிறார்கள்.

சிதம்பரம் பஸ்

பஸ்ஸில் மாமா ஜன்னலோரம் உட்கார்ந்தார். முதுநகர் தாண்டி ரசாயன ஆலைகளின் நெடி வந்ததும் துண்டால் மூக்கை மூடிக்கொண்டார். ஆலப்பாக்கத்துக்கு அப்புறம் என் காதருகே குனிந்தார். அவர் அப்படித் தணிந்து பேசி நான் கேட்டதில்லை.

“ஆர்டர் வந்த மறுநாளே நான் போயி அந்த ஊர்ல ஊடு பாத்துட்டு வந்தன் மச்சான். பள்ளிக்கூடத்துக்குப் பின்னால ஒரு தெரு. ஓட்டு ஊடு. கெணத்துல தண்ணி அள்ளிக் குடிச்சிப் பாத்தன். உப்பே இல்ல.”

“அப்ப மில்லு வேல?”

“அந்தப் பக்கம் மில்லே இல்லியா? எந்த ஊருல நெல்லு அரைக்கல?”

இதை அவர் முன்பே சொல்லியிருந்தால் என்று ஒரு நொடி நினைத்தேன். அவர் ஏன் சொல்ல வேண்டும்? நான்தான் கேட்டிருக்க வேண்டும். முப்பது வருடமாக அவரிடம் கரும்பு விலையும் வீராணம் ஏரித் தண்ணீரும்தான் கேட்டிருக்கிறேன்.

அந்த அத்தியாயத்தை எப்படி எழுதினேன் என்று பஸ்ஸில் மனதுக்குள் ஓட்டிப் பார்த்தேன். அக்கா என்னிடம் அதைச் சொன்ன நாள் எனக்கு நன்றாக நினைவிருந்தது. கடலூரில் எங்கள் வீட்டுச் சமையலறை. அக்கா சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். “ஏங்கா அந்த வேலைக்கி போவல?” என்று கேட்டேன். குரலைத் தாழ்த்தி, “அவுங்க வேணாம்னுட்டாங்க. அப்பறம் என்னா” என்றாள். வாசலில் மாமா மொபெட்டை உதைத்துக்கொண்டிருந்தார்.

இதை இப்படி எழுதியிருந்தேன்: ‘அக்கா குரலைத் தாழ்த்தினாள். “அவர் வேண்டாம் என்றுவிட்டார்” என்றாள். வாசலில் மாமா மொபெட்டை உதைத்துக்கொண்டிருந்தார். அது கிளம்பவில்லை.’

வெங்காயம் உண்மை. தாழ்ந்த குரல் உண்மை. மொபெட் உண்மை. கிளம்பாததும் உண்மை. கடைசி வாக்கியம் எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. கதையில் ‘வேண்டாம்’ என்று சொல்ல ஓர் ஆள் வேண்டும். உரக்கப் பேசுகிற, மீசை வைத்த, மில்லில் வேலை பார்க்கிற ஒருவர் வாசலில் தயாராக நின்றார்.

சிதம்பரம் பள்ளிப்படையில் ஒரு மாடி வீடு

செல்வி கதவைத் திறந்தாள். “வாங்க மாமா” என்று என்னைப் பார்த்துச் சொன்னாள். எனக்குப் பின்னால் நின்ற அவள் அப்பா செருப்பைக் கழற்றி ஓரமாக, சுவரோடு ஒட்டி வைத்தார். பெற்ற மகள் வீட்டில் அப்படி யாரும் செருப்பு வைப்பதில்லை.

அக்கா அடுப்படியிலிருந்து வந்தாள். “பஞ்சாயத்துக்கு வந்துட்டானா பத்திரிகைக்காரன்” என்றாள். அவள் சிரிக்கவில்லை.

உட்கார்ந்தவுடனே கேட்டுவிட்டேன். தள்ளிப்போட்டால் சாப்பாடு போட்டுவிடுவார்கள்.

“அக்கா, அன்னிக்கி ‘அவுங்க வேணாம்னுட்டாங்க’ன்னு சொன்னியே. மாமாவத்தான சொன்ன?”

“நான் என்னிக்கிடா இவர அவுங்கன்னு சொன்னன்?”

யோசித்தேன். அக்கா மாமாவைச் சொல்லும்போது ‘அவுரு’ என்பாள். கோபம் வந்தால் ‘எங்க வூட்டு ஆளு’ என்பாள். கல்யாணமான நாளிலிருந்து அப்படித்தான். கணவனை ‘அவுங்க’ என்று சொல்கிற மனைவிகள் கதைகளில் நிறைய வருவார்கள். என் அக்கா அப்படிச் சொன்னதே இல்லை.

“மெல்லமா பேசுனியேக்கா. மாமா வாசல்ல இருந்தாரு…”

“இவருக்குக் காது கேக்காதுன்னு ஒனக்குத் தெரியாதா? பக்கத்துல நின்னு கத்துனாலே ‘ஆங்?’ங்கறாரு. அதுல வண்டி வேற ஒதைக்கிறாரு. இவருக்காவ நான் ஏன்டா மெல்லமா பேசணும்?”

செல்வி சுவரில் சாய்ந்து நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

“அன்னிக்கி உள்ள யாரு படுத்திருந்தா?” என்றாள் அக்கா.

சமையலறைக்கு அடுத்த அறை. கதவு திறந்தேதான் இருக்கும். அங்கே கட்டிலில் அம்மா. அது அவளுடைய கடைசி வருடம். அம்மாவுக்குக் காது கடைசி வரை நன்றாகக் கேட்டது.

அந்த அறையை நான் எழுதவில்லை. மறக்கவில்லை. அம்மாவும் வந்தால் காட்சி கலைந்துவிடும், பார்வை மொபெட்டை விட்டுப் போய்விடும் என்று விட்டேன்.

“அம்மாவா?”

“பின்ன யாரு.”

அக்கா அம்மாவை ‘அம்மா’ என்று சொல்லிக் கேட்டு எத்தனை காலம் ஆயிற்று என்று அப்போதுதான் யோசித்தேன். ‘அவுங்க சாப்புட்டாங்களா’, ‘அவுங்களுக்கு மாத்திரை குடுத்தியா’. என் காதில் அது மரியாதையாக விழுந்துகொண்டிருந்திருக்கிறது.

ஆர்டர் வந்த வாரம்

அக்கா சொன்னதை அவள் சொன்னபடி தருகிறேன்.

“ஆர்டர் வந்த அந்த வாரந்தான் கெணத்தடியில வழுக்கி வுழுந்தாங்க. இடுப்பெலும்பு. நான் ஓடியாந்தன். ‘தம்பிக்கி சொல்லி வரச்சொல்லு, ஒரு மாசம் லீவு போட்டு பாத்துக்கட்டும், நான் போயி வேலையில சேந்துடறன்’ன்னேன். ‘அவன் பேப்பர்ல சேந்து ரெண்டு மாசங்கூட ஆவுல. அவன மாசக்கணக்குல நிறுத்துனா வேல பூடும். ஒனக்கு எதுக்கு வேல, வேணாம், இங்கியே இரு’ன்னாங்க. ‘இத அவங்கிட்ட சொல்லக் கூடாது’ன்னும் சொன்னாங்க. சேர வேண்டிய நாளு பூடுச்சி.”

அந்த வாரம் எனக்கும் நினைவிருக்கிறது. சென்னையிலிருந்து வந்து இரண்டு நாள் இருந்தேன். கிளம்பும்போது அம்மா கட்டிலில் படுத்தபடியே என் கையைப் பிடித்து, “எனக்கு ஒண்ணுமில்ல, நீ போயி உன் வேலயப் பாரு” என்றாள். இந்தத் தொடரின் ஆரம்பத்தில் அதை ஒரு முழு அத்தியாயமாக எழுதியிருக்கிறேன். இதுவரை வந்ததிலேயே அதிகக் கடிதம் வந்த அத்தியாயம் அது. மகனைத் தடுக்காத தாய் என்று வாசகர்கள் எழுதினார்கள்.

அந்த அத்தியாயத்திலும் அக்கா வருகிறாள். ஒரே ஒரு வரி. எனக்கு வழிக்குச் சோறு கட்டிக் கொடுக்கிறாள்.

செல்வி உள்ளே போய் இதழையும் ஒரு சிவப்புப் பேனாவையும் கொண்டுவந்தாள். “எங்க தப்புன்னு காட்டுங்க மாமா.”

படித்தேன். அவள் பக்கத்தில் நின்றாள். வரிவரியாகப் போனேன். கடைசியில் ஒரு சொல்லின் அடியில் கோடு போட்டேன். அவர்.

“இது அம்மா சொன்னதா?”

“இல்ல. நான் மாத்துனது.”

“ஏன் மாத்துனீங்க?”

“எழுத்துல ‘அவுங்க’ வராதும்மா.”

அவள் பேனாவை வாங்கி மூடினாள். மாமா எங்கள் இருவர் வாயையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“என்னா சொல்றான்?” என்று கேட்டார்.

செல்வி அவர் பக்கம் திரும்பினாள். பிறகு அவர் காதருகே குனிந்து, கீழ்வீடு வரை கேட்கும்படி கத்தினாள்: “நீங்க சொல்லலியாம்பா! மாமா தப்பா எழுதிட்டாராம்!”

“அதான் எனக்குத் தெரியுமே” என்றார் மாமா.

அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அழுகிறாள் என்று நினைத்தேன். சிரித்துக்கொண்டிருந்தாள்.

எழுதலாமா என்ற பேச்சு

சாப்பாட்டின்போது மாமா சொன்னார்: “இத புக்குல போடாத மச்சான். செத்துப் போனவங்க மேல எதுக்கு? எம்பொண்ணுக்குத் தெரிஞ்சிபோச்சி, போதும். மத்தவனுக்கு என் பேர்லியே இருந்துட்டுப் போவட்டும்.”

“அதெல்லாம் முடியாது. போடணும்” என்றாள் செல்வி. என்னைப் பார்க்கவில்லை. “எங்க ஸ்கூல்ல எல்லா டீச்சரும் படிச்சாங்க. நாந்தான் படிக்கக் குடுத்தேன்.”

“உன் இஷ்டம்டா” என்றாள் அக்கா. “எழுதுனா, அவுங்கள திட்டி எழுதாத. இடுப்பு ஒடஞ்சி கெடந்தவங்க. பயந்துட்டாங்க. அவ்ளோதான். ஒன்ன திட்டி எழுதிக்க. ஜாஸ்தியா எழுதாத, அதையும் அழகா எழுதிடுவ.”

கடலூருக்குத் திரும்பும் பஸ்ஸில் அதை நினைத்துக்கொண்டே வந்தேன். அழகாக எழுதிவிடுவேன்தான். இந்த அத்தியாயத்தின் முதல் பிரதியில் அம்மாவின் கட்டிலைப் பற்றி ஒரு பத்தி நன்றாக அமைந்திருந்தது. எடுத்துவிட்டேன்.

இந்த முறை அச்சுக்கு அனுப்பும் முன் காட்டுமன்னார்கோயிலுக்குப் போய் அக்காவுக்கு முழுவதும் படித்துக் காட்டினேன். மாமாவுக்கும் கேட்க வேண்டும் என்பதால் உரக்கப் படிக்க வேண்டியிருந்தது. பக்கத்து வீட்டுக்காரர்கள் இரண்டு பேர் வந்து நின்று கேட்டார்கள். அக்கா ஒரே ஒரு திருத்தம் சொன்னாள். நான் வெண்டைக்காய் என்று எழுதியிருந்தேன், அது சின்ன வெங்காயம்.

படித்து முடித்ததும் மாமா தன் போனை நீட்டினார். முந்தைய ஞாயிற்றுக்கிழமை செல்வி இருவரையும் காரில் அழைத்துக்கொண்டு கம்மாபுரம் பக்கத்து அந்தக் கிராமத்துக்குப் போயிருக்கிறாள். பூட்டிய பள்ளிக்கூடத்தின் வாசலில் மூன்று பேரும் நிற்கிற படம். அக்கா பட்டுப்புடவை கட்டியிருக்கிறாள். மாமா வாயைத் திறந்து ஏதோ சொல்லிக்கொண்டிருக்கிறார். செல்வி அவர் தோளில் கை போட்டிருக்கிறாள்.

அந்தப் படத்தை அவள் குடும்பத்தில் எல்லாருக்கும் அனுப்பியிருந்தாள். எனக்கு அனுப்பவில்லை.